வெளிநாட்டு வேலை வந்திருக்கிறதா? பணம் கொடுக்கும் முன் எதை, எங்கே சரிபார்ப்பது

என் அக்கா மகன் ஐடிஐ முடித்த எலக்ட்ரீஷியன். அவனுக்கு அடுத்தடுத்து இரண்டு வேலைகள் வந்தன. ஒன்று கத்தார், இன்னொன்று துபாய். இரண்டையும் விசாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எந்த இணையதளம் அரசாங்கத்துடையது, எவ்வளவு பணம் நியாயம், யாரிடம் கேட்டால் சரியான பதில் வரும் என்று ஒரே இடத்தில் சொல்ல ஆள் இல்லை. திருநெல்வேலி டவுனில் ஒருவர் ஒன்று சொன்னார், வண்ணார்பேட்டையில் இன்னொருவர் அதற்கு நேர்மாறாகச் சொன்னார். கடைசியில் கத்தார் வேலை உண்மை, துபாய் வேலை சுத்தப் பொய் என்று தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், துபாய்க் காகிதம்தான் பார்க்க லட்சணமாக இருந்தது. தங்க நிற முத்திரை, கெட்டித்தாள், இரண்டு கையெழுத்து. கத்தார்க் காகிதம் மங்கலான ஜெராக்ஸ்.

அதனால் காகிதத்தின் அழகை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உண்மையான ஒவ்வொரு காகிதத்திலும் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை எடுத்து, ஏஜென்டின் கை எட்டாத இடத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். கீழே இருப்பது அதற்கான வரிசை. ஐந்தாவது படி முடியும் வரை பணமும் கொடுக்காதீர்கள், அசல் பாஸ்போர்ட்டும் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட் நகல் போதும்.

1. வேலை யார் யார் கை மாறி வந்தது என்று எழுதுங்கள்

நம் பக்கம் விளம்பரம் பார்த்துப் போகிறவர்களைவிட ஆள் சொல்லிப் போகிறவர்கள்தான் அதிகம். மேலப்பாளையம், ஏர்வாடி, கடையநல்லூர் என்று எங்கே போனாலும் தெருவுக்கு நாலு பேர் வெளிநாட்டில் இருப்பார்கள். இடிந்தகரை, உவரிப் பக்கம் மீன்பிடி வேலைக்கு வளைகுடா போகிறவர்கள் உண்டு. ஆகவே வேலை வரும்போது கூடவே ஒரு சொந்தக்காரரும் வருவார்: "நம்ம பையன்தான், தெரிஞ்ச இடம்தான்."

ஒரு தாளில் சங்கிலியை எழுதுங்கள். மச்சானின் கூட்டாளி, அவருக்கு மேலே வள்ளியூரில் ஒரு டிராவல்ஸ், அதற்கு மேலே சென்னையில் ஒரு கன்சல்டன்சி, அதற்கும் மேலே துபாயில் ஒரு பிஆர்ஓ (கம்பெனிக்கு விசா வேலைகளைப் பார்த்துக் கொடுப்பவர்). ஒவ்வொருவருக்கும் பெயர், போன் நம்பர், ஊர். இந்தச் சங்கிலியின் கடைசியில் வேலை கொடுக்கும் கம்பெனியின் முழுப் பெயர் வரவேண்டும். "பெரிய கம்பெனி, பேரு அப்புறம் சொல்லுதேன்" என்றால் அதோடு விட்டுவிடலாம்.

உங்களிடம் வந்து சொல்பவர் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. பல நேரம் அவரும் ஏமாற்றப்பட்டவர்தான். ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் என்று சொல்லியிருப்பார்கள், அவரும் நம்பி நாலு பேரைச் சேர்த்திருப்பார். அவர் நல்லவரா என்பது உங்கள் கேள்வியே இல்லை. லைசென்ஸ் எண் என்ன என்பதுதான் கேள்வி. ஆனால் சொந்தத்துக்குள் இதைக் கேட்பது சங்கடம். கேட்டால் "என்னய நம்பலையா?" என்று முகம் சுருங்கும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. பழியை பேங்க் மேல் போடுங்கள்: "மாமா, உங்கள நம்பாம இல்ல. பேங்க்ல லோன் கேட்டிருக்கோம், ஏஜென்ட் லைசென்ஸ் நம்பரும் கம்பெனி பேரும் எழுதிக் கேக்காங்க." மாமாவுக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை, நமக்கும் எண் கிடைத்துவிடும். உண்மையான ஏஜென்ட் இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிடுவார்.

சட்டப்படி லைசென்ஸ் வாங்கிய ஏஜென்ட் சப் ஏஜென்ட் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் மனதில் வையுங்கள். நடைமுறையில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், அது வேறு. ஆனால் நாளைக்குப் பிரச்சினை என்றால் சென்னைக்காரர் "அவர் எங்கள் ஆளே இல்லை" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வார்.

2. ஏஜென்டின் லைசென்ஸை இ-மைக்ரேட்டில் பாருங்கள்

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க, 1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறது. முகவரி 'கவ் டாட் இன்' (gov.in) என்று முடிகிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் அனுப்பும் லிங்கை அழுத்தாதீர்கள். நீங்களே தட்டச்சு செய்து போங்கள். அங்கே ரிக்ரூட்டிங் ஏஜென்ட் பட்டியலில் பெயர் போட்டுத் தேடுங்கள்.

லைசென்ஸ் எண் ஆங்கில 'B' எழுத்தில் தொடங்கும். நடுவில் ஊர்ப்பெயர், இடையிடையே சாய்கோடுகள், கடைசியில் ஆண்டு என்று நீளமாகப் போகும். விளம்பரத்திலும் அலுவலகத்திலும் இந்த எண்ணைக் கண்ணில் படும்படி போட வேண்டும் என்பது விதி. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வரும் விளம்பரத்தில் சம்பளம் கொட்டை எழுத்தில் இருந்து, இந்த எண் மட்டும் இல்லையென்றால் மேற்கொண்டு படிக்க ஒன்றுமில்லை.

இங்கே ஆட்கள் விழும் குழிகள் மூன்று.

சுவரில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழ்கள் முதல் குழி. ஜிஎஸ்டி சான்றிதழ், உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு, ஐஎஸ்ஓ, விமான டிக்கெட் விற்கும் அனுமதி என்று வரிசையாகத் தொங்கும். இவற்றில் எதுவுமே ஆள் எடுப்பதற்கான லைசென்ஸ் அல்ல. பலசரக்குக் கடை வைத்திருப்பவரும் ஜிஎஸ்டி, உத்யம் எடுக்கலாம்.

லைசென்ஸ் இருந்தும் அதற்கு உயிர் இல்லாமல் இருப்பது அடுத்தது. காலாவதியாகியிருக்கலாம், நிறுத்தி வைத்திருக்கலாம், ரத்து செய்திருக்கலாம். இணையதளத்தில் பெயருக்கு எதிரே நிலை போட்டிருப்பார்கள். நடப்பில் இருந்தால் மட்டும்தான் கணக்கு.

மூன்றாவதுதான் மோசம். வேறொரு நல்ல ஏஜென்சியின் எண்ணை எடுத்துத் தன் விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொள்வது. தேடினால் எண் சரியாக வரும், நீங்களும் நிம்மதியாகிவிடுவீர்கள். எனவே இணையதளத்தில் போட்டிருக்கும் போன் நம்பருக்கே கூப்பிடுங்கள், கார்டில் இருக்கும் நம்பருக்கு வேண்டாம். மூன்று கேள்விகள் போதும்: இந்தப் பெயரில் ஆள் உங்களிடம் வேலை செய்கிறாரா? இந்தக் கம்பெனிக்கு இப்போது ஆள் எடுக்கிறீர்களா? பணம் எந்த பேங்க் கணக்கில் கட்ட வேண்டும்?

தனியார் ஏஜென்சியே வேண்டாம் என்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது. 1978-இல் தொடங்கியது. அங்கே எல்லா நேரமும் எல்லா வேலையும் இருக்காது. ஆனால் பதிந்து வைப்பதில் நஷ்டமில்லை.

3. உங்கள் பாஸ்போர்ட் எந்த வகை என்று பாருங்கள்

பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் ஈசிஆர் (குடியேற்றச் சோதனை தேவை) என்று இருக்கும். சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு இவர்கள் வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். ஏஜென்ட் வழியாகப் போனால் அவர்தான் இ-மைக்ரேட்டில் போட்டு வாங்கித் தருவார். அந்தக் கம்பெனியும் அங்கே பதிவாகியிருக்க வேண்டும், ஒப்பந்தமும் ஏற வேண்டும். அலைச்சல்தான், ஆனால் அந்த அலைச்சல் உங்களைக் காப்பாற்றும். "ஈசிஆர் எல்லாம் வேண்டாம், விசிட் விசாவுல போயி அங்க மாத்திக்கலாம்" என்று சொல்பவர் அந்தப் பாதுகாப்பிலிருந்து உங்களை வெளியே இழுக்கிறார்.

பத்தாவதோ அதற்கு மேலோ படித்தவர்களுக்குப் பொதுவாக இந்த அனுமதி தேவையில்லை. சந்தோஷப்பட வேண்டாம். அரசாங்கம் ஒரு தடவை பார்க்கும் இடமே உங்களுக்கு இல்லை என்று அர்த்தம். டிப்ளமோ, பி.இ. முடித்த பையன்கள் அதிகம் சிக்குவதற்கு இது ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

பெண்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஈசிஆர் பாஸ்போர்ட் உள்ள, 30 வயது நிரம்பாத பெண்களுக்கு இந்த நாடுகளுக்குக் குடியேற்ற அனுமதி கிடையாது. 30 தாண்டியவர்களை வீட்டு வேலைக்கு அனுப்புவதும் அரசு நிறுவனங்கள் வழியாக மட்டும்தான். அதனால்தான் சில ஏஜென்டுகள் துபாய்க்கு விசிட் விசா போட்டு, அங்கிருந்து ஓமனுக்கோ வேறெங்கோ தள்ளிவிடுகிறார்கள். வீட்டு வேலைக்கு விசிட் விசா என்று எந்த அக்காவிடம் யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

4. ஆஃபர் லெட்டரை வரி வரியாகப் படியுங்கள்

துபாய்க் காகிதத்தை இங்கே பிரித்துக் காட்டுகிறேன். இப்படி வருபவை பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கின்றன.

மேலே பெரிய ஓட்டல் ஒன்றின் பெயரும் சின்னமும். வேலை: ஸ்டோர் கீப்பர். எலக்ட்ரீஷியனுக்கு ஏன் ஸ்டோர் கீப்பர் வேலை என்று கேட்டதற்கு, "போன பெறகு மாத்திக்கலாம்" என்று பதில். சம்பளம் மாதம் 4,500 திர்ஹாம், சாப்பாடு, தங்குமிடம் இலவசம். அனுபவமே இல்லாத பையனுக்கு யாரும் அவ்வளவு கொடுப்பதில்லை. அங்கே வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரிடம் காட்டினால் எண்ணைப் பார்த்ததுமே சிரித்துவிடுவார். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார், அவரிடம் முதலில் காட்டுங்கள்.

மின்னஞ்சல் முகவரி ஓட்டலின் பெயரில் தொடங்கி ஜிமெயிலில் முடிந்தது. இன்னும் கெட்டிக்காரர்கள் ஓட்டலின் உண்மையான இணைய முகவரியில் 'கேரியர்' என்றோ ஒரு கோடோ சேர்த்துப் புது முகவரி வாங்கிவிடுவார்கள். ஓர் எழுத்து வித்தியாசம்கூட இருக்கும், விரல் வைத்துப் படியுங்கள்.

கீழே 'தொழிலாளர் அமைச்சகம், துபாய்' என்று ஆங்கிலத்தில் ஒரு வட்ட முத்திரை. அமீரகத்தில் அந்த அமைச்சகத்தின் பெயர் 2016-லேயே மாறிவிட்டது. இப்போது மனிதவள, எமிராட்டி மயமாக்கல் அமைச்சகம். தவிர அது துபாயின் அமைச்சகம் அல்ல, முழு அமீரகத்துக்கும் உரியது. முத்திரை செய்தவர் பழைய மாதிரியைப் பார்த்துச் செய்திருக்கிறார்.

இண்டர்வியூ எப்படி நடந்தது என்றால், வாட்ஸ்அப்பில் ஐந்து கேள்வி. பெயர், வயது, படிப்பு, எப்போது வர முடியும், ஏன் வர விரும்புகிறீர்கள். ஒரு மணி நேரத்தில் "செலக்டட்". கத்தார் வேலைக்குச் சென்னைக்குக் கூப்பிட்டு, பலகையில் வயரிங் போடச் சொல்லி, மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்க்கச் சொன்னார்கள். கை வேலைக்கு ஆள் எடுப்பவர் கையைப் பார்க்காமல் எடுக்க மாட்டார்.

கடைசிப் பத்தியில்தான் விஷயம் இருந்தது: தூதரகச் சான்றொப்பத்துக்காக 48,500 ரூபாய், முதல் சம்பளத்தோடு திரும்பக் கிடைக்கும், மூன்று நாளில் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும். திரும்பக் கிடைக்கும் டெபாசிட், மூன்று நாள் கெடு, தனி ஆளின் ஜிபே நம்பர். இந்த மூன்றும் ஒரே பத்தியில் வந்தால் நான் வேறு எதையும் பார்க்க மாட்டேன்.

சந்தேகம் தீர, ஓட்டலின் சொந்த இணையதளத்தில் இருந்த எண்ணுக்கு நேரடியாகக் கூப்பிட்டேன். எடுத்தவர் மலையாளி. முழுக்கதையும் சொல்லக்கூட விடவில்லை. "அண்ணா, பைசா கொடுக்கல்லே? அது போதும்" என்றார். இப்படிக் கேட்டு அடிக்கடி போன் வருகிறதாம்.

அமீரகத்து உண்மையான ஆஃபர் அந்த அமைச்சகத்தின் படிவத்தில் வரும். அதில் பரிவர்த்தனை எண் இருக்கும், அமைச்சகத்தின் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். அரபு, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் தர வேண்டும் என்பது அவர்கள் விதி. தமிழிலும் அந்தப் படிவம் உண்டு. "தமிழ்ல தாங்க" என்று கேட்டுப் பாருங்கள். போலிக்காரர் திணறுவதை நீங்களே பார்க்கலாம்.

5. விசா எண்ணை அந்த நாட்டுத் தளத்திலேயே போடுங்கள்

இந்தப் படி முடியாமல் எதுவும் முடிந்ததாக நினைக்க வேண்டாம்.

அமீரகம்: நுழைவு அனுமதியில் அது வேலைக்கானது என்று இருக்க வேண்டும். வேலையின் பெயர், ஸ்பான்சர் கம்பெனி இரண்டும் ஆஃபரில் உள்ளபடியே இருக்க வேண்டும். துபாயில் கொடுத்த அனுமதியைத் துபாய் குடிவரவுத் துறையின் தளத்திலும், மற்ற எமிரேட்டுகளுடையதை அமீரகத்தின் மத்திய அடையாள, குடிவரவு ஆணையத்தின் தளத்திலும் சரிபார்க்கலாம்.

கத்தார்: இதுதான் இருப்பதிலேயே சுலபம். வேலை விசாவுக்கு இந்தியாவிலேயே கத்தார் விசா மையத்துக்குப் போக வேண்டும். சென்னையில் ஒன்று இருக்கிறது. மருத்துவப் பரிசோதனை, கைரேகை, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் அங்கேயேதான். அதற்கான கட்டணம் கம்பெனியுடையது, உங்களுடையதல்ல. "அங்க போக வேண்டாம், நேரா டிக்கெட்" என்றால் அது வேலை விசா இல்லை. ஒப்பந்தம் திரையில் வரும்போது அவசரப்படாமல் சம்பளத்தைப் படியுங்கள். 2021 மார்ச் முதல் அங்கே குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி தராவிட்டால் அவற்றுக்கு 500, 300 தனியாகத் தர வேண்டும். ஏஜென்ட் வாயால் சொன்னது ஒன்று, திரையில் இருப்பது வேறு என்றால் திரையில் இருப்பதுதான் கைக்கு வரும்.

சவூதி: 2023 மே மாதத்திலிருந்து இந்தியாவில் பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவதை நிறுத்திவிட்டார்கள். கியூஆர் குறியீட்டோடு தாளில் வருகிறது. "ஸ்டாம்பிங் ஆயிட்டு, ஸ்டிக்கர் போட்டோ பாரு" என்று இன்று அனுப்பினால் அது யாருடைய பழைய விசாவோ. சவூதி வெளியுறவுத் துறையின் விசா தளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

சவூதியோடு சேர்ந்தே வருவது 'ஆசாத் விசா', ஃப்ரீ விசா என்கிற பேச்சு. ஒருவர் பெயரில் விசா எடுத்து, வெளியே எங்கு வேண்டுமானாலும் வேலை பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அப்படி ஒரு விசா சவூதி சட்டத்தில் இல்லை. ஸ்பான்சரிடம் இல்லாமல் வேறிடத்தில் வேலை பார்த்துப் பிடிபட்டால் அபராதம், சிறை, நாடு கடத்தல். நம் ஊரில் இதை இன்னமும் ஏதோ சலுகை மாதிரி பேசுகிறார்கள்.

சிங்கப்பூர்: கையில் ஐபிஏ கடிதம், அதாவது வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதம் வேண்டும். மனிதவள அமைச்சகம் தருவது. சம்பளம், பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும், தமிழிலும் வரும். அந்த அமைச்சகத்தின் தளத்தில் விண்ணப்ப நிலையைப் பார்க்கலாம். அங்குள்ள ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எவ்வளவு நீண்டாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது.

தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா: இங்கே எச்சரிக்கை இரண்டு மடங்கு. டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங், கஸ்டமர் சப்போர்ட் என்று கூப்பிடுவார்கள். பணம் கேட்க மாட்டார்கள், டிக்கெட்டும் அவர்களே போடுவார்கள். அதனாலேயே நம்பிக்கை வந்துவிடும். பாங்காக்கில் இறக்கி, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பக்கம் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, ஆன்லைனில் ஊரை ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொல்வார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே இதைப் பற்றி எச்சரித்தது. தமிழ்நாட்டுப் பையன்களும் அங்கிருந்து மீட்டு வரப்பட்டார்கள். போய் இறங்கியதும் கிடைக்கும் விசாவில் தாய்லாந்திலோ லாவோஸிலோ வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஆகவே 'பணம் கேட்கவில்லை, அதனால் உண்மை' என்ற கணக்கு இந்த நாடுகளுக்குச் செல்லாது. ரஷ்யாவில் ஹெல்ப்பர் வேலை என்று போய் ராணுவத்தில் மாட்டிக்கொண்டவர்களின் செய்தி 2024-இல் வந்தது நினைவிருக்கலாம்.

6. பணம்: எதற்கு, எவ்வளவு, எப்படி

பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 35,400. ரசீது கட்டாயம். மற்றவை சில்லறைதான்: புது பாஸ்போர்ட் 36 பக்கம் 1,500, போலீஸ் சான்றிதழ் 500. ஈசிஆர்காரர்களுக்குக் குடியேற்றக் கட்டணம் 200, பிரவாசி பாரதிய பீமா காப்பீடு இரண்டு ஆண்டுக்கு 275 அல்லது மூன்று ஆண்டுக்கு 375. காப்பீட்டுத் தொகை 10 லட்சம். மெடிக்கல் பணத்தை மெடிக்கல் சென்டரிலேயே நீங்கள் கட்டலாம். அமீரகத்தில் ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று அவர்கள் சட்டமே சொல்கிறது.

இவ்வளவுதான் என்றால், ஊரில் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று ஏன் பேசுகிறார்கள்? கை மாறுகிற ஒவ்வொருவரும் மேலே கொஞ்சம் வைப்பதால்தான். வேலை உண்மையாகவே இருந்தாலும் இந்தப் பணம் அநியாயம். கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். இரண்டு லட்சத்தை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 6,000 வட்டி மட்டுமே. சம்பளம் 1,200 திர்ஹாம், ஒரு திர்ஹாம் 24 ரூபாய் என்று வைத்தால் 28,800. மெஸ், போன் செலவு போக 20,000 மிஞ்சினால் பெரிது. அதில் வட்டி போக 14,000. அசல் அடைய ஒரு வருஷத்துக்கு மேல், வீட்டுக்கு ஒரு பைசா அனுப்பாமல். அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கும் முன் இந்தக் கணக்கை அம்மாவுக்கும் சொல்லிக் காட்டுங்கள்.

கொடுக்கும்போது லைசென்ஸில் உள்ள கம்பெனிப் பெயரில் இருக்கும் பேங்க் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். ரொக்கம் வேண்டாம், தனி ஆள் பெயரில் ஜிபே வேண்டாம். ரசீதில் லைசென்ஸ் எண், எந்த நாடு, எந்தக் கம்பெனி, எதற்காக என்று எழுதி வாங்குங்கள். "ரசீது எல்லாம் எதுக்கு, நம்ம ஆளு" என்று சொன்னால் பணமும் அப்படியே நம்மிடமே இருக்கட்டும்.

7. மெடிக்கல், போலீஸ் சான்றிதழ், நேரக் கணக்கு

கத்தாருக்கு மெடிக்கல் விசா மையத்திலேயே முடிந்துவிடும். மற்ற வளைகுடா நாடுகள் பலவற்றுக்கு வாஃபித் தளத்தில் பதிய வேண்டும். முன்பு காம்கா என்பார்கள். எந்த சென்டருக்குப் போக வேண்டும் என்று சீட்டில் வரும். முடிவையும் அதே தளத்தில் பாஸ்போர்ட் எண் போட்டுப் பார்க்கலாம். கம்பெனிப் பெயரே தெரியாத நிலையில் "மொதல்ல மெடிக்கல் போட்ருவோம்" என்று அவசரப்படுத்தினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மெடிக்கலுக்குக் காலாவதி உண்டு. விசா வருவதற்குள் அது முடிந்து, மறுபடி எடுத்துச் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போலீஸ் சான்றிதழுக்கு பாஸ்போர்ட் சேவா தளத்தில் பதிந்து, திருநெல்வேலி மையத்திலேயே தேதி வாங்கலாம். மதுரை அலைய வேண்டாம். ஆதார் முகவரியும் இப்போது குடியிருக்கும் வீடும் வேறாக இருந்தால் ஸ்டேஷன் விசாரணையில் இழுக்கும். அதை முதலிலேயே சரிசெய்துகொள்ளுங்கள்.

நேர்காணல் முடிந்து விமானம் ஏறும் வரை வாரக்கணக்கில் ஆகும், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். "அடுத்த வியாழக்கிழமை திருவனந்தபுரத்துல ஃப்ளைட்" என்ற பேச்சு பெரும்பாலும் விசிட் விசாவாகத்தான் முடியும்.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்ப்பு என்று கேட்டால் நேரில் காட்டிவிட்டு அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். விசாவுக்காகப் பாஸ்போர்ட் கொடுக்க வேண்டிய கட்டத்தில், பெற்றுக்கொண்டதாக லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. பணப் பாக்கி என்று சொல்லி அதைப் பிடித்து வைக்க ஏஜென்டுக்கு உரிமையில்லை.

8. கிளம்பும் முன்

விசா, ஒப்பந்தம், பாஸ்போர்ட், ரசீதுகள், ஏஜென்ட் லைசென்ஸ் எல்லாவற்றையும் இரண்டு செட் நகல் எடுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும், அதுவும் யாராவது ஒருவருக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். போனிலும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே போய் பிரச்சினை வந்தால் பேசுவதற்கு:

வெளியுறவு அமைச்சகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா, இந்தியாவிலிருந்து கட்டணமில்லாமல் 1800 11 3090. அமீரகத்திலிருந்து 800 46342. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறை, இந்தியாவிலிருந்து 1800 309 3793. கிளம்பும் முன் சந்தேகம் கேட்கவும் இந்த எண்களைப் பயன்படுத்தலாம். வெளிநாட்டிலிருந்து எழுத்தில் புகார் கொடுக்க வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற புகார்த் தளம் இருக்கிறது.

9. பணம் போய்விட்டது என்றால்

ஆன்லைனில் அனுப்பியிருந்தால் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். வீட்டில் சண்டை, ஏஜென்டிடம் கெஞ்சல் எல்லாம் அப்புறம். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு, நேரமாக ஆக அது குறையும். தேசிய சைபர் குற்றத் தளத்திலும் பதியுங்கள். வாட்ஸ்அப் உரையாடலைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், ஏஜென்டை பிளாக்கும் செய்யாதீர்கள். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நம்பர் தெரியும்படி.

பிறகு எழுத்தில் புகார். நெல்லை மாநகர எல்லைக்குள் என்றால் கமிஷனர் அலுவலகத்தின் கீழ் வரும். களக்காடு, வள்ளியூர், திசையன்விளை போன்ற ஊர்கள் மாவட்ட எஸ்.பி.யின் கீழ். ஸ்டேஷனில் மனு ஏற்பு ரசீது, அதாவது சிஎஸ்ஆர், வாங்காமல் வெளியே வராதீர்கள். லைசென்ஸ் இல்லாத ஏஜென்ட் என்றால் சென்னையில் உள்ள குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் அதே மனுவை அனுப்புங்கள். இ-மைக்ரேட்டிலும் புகார்ப் பகுதி உண்டு. ஸ்டேஷனில் இழுத்தடித்தால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. அங்கே கொடுத்தால் மனுவுக்கு எண் விழும்.

புகார் போனதும் அந்தப் பக்கத்திலிருந்து ஆள் வரும், அநேகமாக முதல் படியில் எழுதிய அதே சொந்தக்காரர்: "பாதிப் பணம் வாங்கித் தாரேன், மனுவ வாபஸ் வாங்கிருங்க." பேசலாம், தப்பில்லை. ஆனால் செக்கை நம்பி ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் உங்கள் கணக்கில் ஏறி, பாஸ்புக்கில் பதிந்த பிறகு மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.